ஆயிரத்து இருநூறு இலையும் ஒரு கப்பலும்

“விறகு வச்சே ஆக்கிருவோம் ஏட்டையா. நீங்க கப்பலையே பாத்துக்கிட்டிருந்தா இங்க அடுப்பு எரியாது” என்றார் சமையல் மாஸ்டர் மொக்கைச்சாமி.

ஜெயபாண்டி நிமிரவில்லை. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடத்தில் எந்தத் திருடனையும் அவர் இப்படி உற்றுப் பார்த்ததில்லை. செல்போனில் நீலக் கடல். அதன் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. அரசாங்கக் கப்பல் கம்பெனியின் சமையல் கேஸ் கப்பல். வளைகுடாவில் சண்டை என்று மூன்று வாரம் நங்கூரம் போட்டு நின்றுவிட்டு, இப்போதுதான் தூத்துக்குடியை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

இன்னும் மூன்று நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் அவர் மகள் சத்யப்பிரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ராஜபாளையம். ஆயிரத்து இருநூறு இலை. கேஸுக்கோ அப்படியொரு தட்டுப்பாடு. தெருவில் ஒரு சிலிண்டர் போனால் ஊரே எழுந்து நின்று கும்பிட்டது. கற்பூரம் ஏற்றாததற்குக் காரணம் பக்திக் குறைவு அல்ல, பயம்.

மொக்கைச்சாமி வத்திராயிருப்புக்காரர். பத்திரிகை கொடுத்தால் எந்த மண்டபம், எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்று இரண்டே இரண்டு விஷயம் பார்த்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார். மற்றதையெல்லாம் படித்தால் சாம்பாருக்கு உப்பு மறந்துபோகும் என்பது அவருடைய நாற்பது வருடக் கொள்கை. வன்னியம்பட்டித் தோப்பில் ஒரு டிராக்டர் விறகு சொல்லி வைத்திருந்தார். அதை அடுக்கினால் கோவில் கோபுரமே அண்ணாந்து பார்க்கும் என்றார்.

“விறகு கிடக்கட்டும் மாஸ்டர். அந்தக் கப்பல் வந்தாகணும். வரலைன்னா எம் மானம் கப்பலேறிரும்.”

கேஸில் சமைத்தால்தான் கௌரவம் என்று நினைக்கிறார்போல என்று மாஸ்டர் கணக்குப் போட்டுக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், துறைமுகத்துக்கு வெளியே புள்ளி அசையாமல் நின்றுவிட்டது. உள்ளே இடம் காலியாக வேண்டுமாம். மண்டபத்து அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஜெயபாண்டியின் மனைவி பாலம்மாளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. ஒரு சிலிண்டருக்கா இம்புட்டு அழுகை என்று மாஸ்டர் கேட்டார். வெங்காயம் என்றார் பாலம்மாள். அவர் முன்னால் கிடந்தது பூசணிக்காய்.

பத்து மணிக்குப் புள்ளி நகர்ந்தது. துறைமுகத்துக்குள் நுழைந்து கரையோடு ஒட்டியது. ஜெயபாண்டி கடைத்தெருவுக்கு ஓடினார். பத்து கிலோ பால்கோவாவோடு திரும்பி வந்து வாடகைக் காரில் ஏறினார்.

“யாருக்கு ஏட்டையா இம்புட்டும்?”

“கேப்டன்ல இருந்து அடுப்படி ஆள் வரைக்கும் எல்லாருக்கும். குண்டு விழுற கடலைத் தாண்டிப் பத்திரமாக் கொண்டாந்து சேத்திருக்காவ. அவியளைப் பாக்க வெறுங்கையோடயா போறது?”

மொக்கைச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். நாற்பது வருடமாகச் சமைக்கிறார்; சாப்பிட்டவன் சமைத்தவனைத் தேடி வந்து நன்றி சொன்னதில்லை. இந்த மனுஷர் அடுப்பு எரியக் காரணமானவர்களையே தேடிப் போகிறார். “அவியளுக்கு என் கும்பிடையும் சொல்லுங்க. வரும்போது அப்படியே நாலு சிலிண்டர்...” என்பதற்குள் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

தூத்துக்குடியிலிருந்து நேரே சிலிண்டரைத் தூக்கி வந்துவிட முடியாது, கேஸ் முதலில் டாங்கியில் இறங்கி, பிறகு நிரப்பும் இடத்துக்குப் போகவேண்டும் என்று உதவியாள் இருளப்பசாமி எடுத்துச் சொன்னான். மாஸ்டர் நம்பவில்லை. கப்பலுக்கே பால்கோவா கொடுப்பவரை வெறுங்கையோடு அனுப்புவார்களா?

சாயங்காலம் கார் வந்து நின்றது. சிலிண்டர் தூக்க ஆறு பேரையும் சாக்கையும் கூட்டிக்கொண்டு மாஸ்டர் ஓடினார். டிக்கியைத் திறந்தால் ஒரே ஒரு பெட்டி. அதைத் தூக்கினாலும் தட்டினாலும் கேஸ் மாதிரித் தெரியவில்லை.

பாலம்மாளோ ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்திருந்தார். இப்போதும் அழுகைதான், ஆனால் வாயெல்லாம் சிரிப்பு.

“சிலிண்டர் வர இன்னும் நாலு நாள் ஆகுமாம் மாஸ்டர், நீங்க விறகையே பத்த வைங்க” என்றார் ஜெயபாண்டி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஊர் வாய்க்குப் பயந்து ஒருத்தர்ட்டயும் மூச்சு விடல.”

பின் கதவு திறந்தது. ஒரு மாதத் தாடியும் எண்ணெய்க் கறை படிந்த நீலச் சீருடையுமாக இறங்கிய இளைஞன் பாலம்மாளின் காலைத் தொட்டு வணங்கினான்.

மாஸ்டர் முதல் தடவையாகப் பத்திரிகையை இடுப்பிலிருந்து உருவி முழுசாகப் படித்தார்: மணமகன் லிங்கேஸ்வரன், கேஸ் கப்பல் இன்ஜினியர்.