பத்தரை அடிக் கைமரம்

"பாஸ், அந்தப் பத்தரை அடியில ஒரு அடிய வெட்டுங்க!"

எல்லையில் நின்று பக்கத்து வீட்டு ஸெய்னுலாப்தீன் நானா கறாராகச் சொன்னார். தச்சு வேலை யாகப்பர் பாஸ் வாளைக் கீழே வைத்தார். கொட்டில் கட்டுவிக்கிற வேலாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு சின்ன ஆட்டுக் கொட்டில், அவ்வளவுதான். யாகப்பர் காலையிலேயே கணக்குப் போட்டுவிட்டார். சுவருக்குச் சுவர் எட்டு அடி. நானா வீட்டுப் பக்கம் உள்ள கொட்டில் சுவர் மூன்றடி உசரம் கூட, அதனால் சரிவுக்கு இன்னும் அரை அடி. சாரல் படாமல் இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி வெளியே நீட்ட வேண்டும். ஆக, கூரைக் கைமரம் ஒன்று பத்தரை அடி.

"மண்சுவரு நானா! உங்க பக்கம் கூரை நீளலேன்னா மழையில ஊறி விழுந்திடும். உள்ள நிக்கிற ஆட்டை நம்பித்தான் என் சீவனமே ஓடுது."

"என்ட எல்லைக்குள்ள ஒரு அங்குலமும் வரக்கூடாது தங்கச்சி."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

"மனுசனா இவரு?"

"அவரு காணி, அவரு சொல்றாரு. நாம என்னக்கா செய்ய?" என்று யாகப்பர் தலையைச் சொறிந்தார்.

ஒவ்வொரு கைமரமாக அறுபட அறுபட வேலாயிக்கு வயிறு எரிந்தது. பெருநாளுக்குப் பெருநாள் வட்டலப்பம் கொடுத்தனுப்புகிற வீடா இது! தகரம் ஏறி முடிவதற்குள் கட்டுகஸ்தோட்டையில் பாதிப் பேரிடம் நானாவைத் திட்டித் தீர்த்துவிட்டாள்.

மறுநாள் நானா வீட்டுக் கூரையில் சுத்தியல் சத்தம். வேலாயி எட்டிப் பார்த்தாள். மேலே அதே யாகப்பர் பாஸ். நானா வீட்டு இறவாரம் எல்லையைத் தாண்டி நீண்டு, அவளுடைய மண்சுவருக்கு மேலேயே குடை பிடித்திருந்தது. இனி அந்தச் சுவரில் சாரல் படாது.

"நானா... இது என்ன?"

"இந்தக் காணியில என்ட தம்பிமாருக்கும் பங்கு ஈக்கி. வழக்குப் பேசவே பொறந்தவனுகள். ஒங்கட கூர இங்கால வந்தா, எனக்குப் பொறகு ஒங்கள கோட்டுக்கு இழுத்துப் போடுவானுகள்."

வேலாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. திட்டியதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

"நீங்க நல்லா இருக்கணும் நானா."

நானா சிரித்தார்.

"இப்ப என்ட கூரதான் ஒங்கட காணிக்குள்ள வந்தீக்கி. கோட்டுக்குப் போறதுன்டா நீங்கதான் போகணும். போவீங்களா தங்கச்சி?"