மெதுவாக் கொடுங்கக்கா

வேதியியல் ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து பீக்கர்களில் துத்தநாகத் தகடு ஒன்றும் தாமிரத் தகடு ஒன்றும் நின்றன. இரண்டிலும் அதனதன் உப்புக் கரைசல். உப்புநீரில் நனைத்த காகிதத் துண்டு ஒன்று அவற்றுக்கு நடுவே பாலமாகக் கிடந்தது. தகடுகளை இணைத்த கம்பியில் ஒரு குட்டி விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

துத்தநாகம் கரைந்து எலக்ட்ரான்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. அவை கம்பி வழியாக வந்து சேரச் சேர, தாமிரத்தின் மேல் புதுத் தாமிரம் படிந்தது.

"இப்படி இளைச்சுப் போறீங்களேக்கா. என்னால மட்டும் முடிஞ்சா எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துடுவேன்" என்றது தாமிரம்.

"விசிறி சுத்துதுல்ல, அது போதும்" என்றது துத்தநாகம்.

மறுநாள் நசீமா டீச்சர் விசிறியைக் கழற்றிவிட்டு ஒரு பேட்டரியை மாட்டினார். பேட்டரி பிடித்துத் தள்ளியதில் எலக்ட்ரான்கள் வந்த வழியே திரும்பின. இப்போது தாமிரம் கரைந்தது, துத்தநாகம் தேறியது.

"ஐயோ, யாரோ பிடுங்குறாங்கக்கா" என்று தாமிரம் கத்தியது. தான் நேற்றுச் சொன்னது நினைவுக்கு வந்ததும் கூசிப்போய் வாயை மூடிக்கொண்டது.

"முதல் தடவை வலிக்கத்தாம்மா செய்யும்" என்றது துத்தநாகம்.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் பேட்டரியை எடுத்துவிட்டு விசிறியை மறுபடி மாட்டினார். யாரும் தள்ளாமலே துத்தநாகம் மறுபடி கரைந்தது. விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

தாமிரம் இந்த முறை எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

"மெதுவாக் கொடுங்கக்கா" என்றது.