மேலா, கீழா

கரண்டி ‘ணங்’ என்றது.

அவன் கை அப்படியே நின்றது.

உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கரண்டியில் நடுங்கியது. மடியில் இருந்த குட்டி மருமகள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். எதையோ பதுக்கியவள் போல.

வெறும் ஈறில் பட்டால் கரண்டி இப்படி ஒலிக்காது.

அக்கா மகளுக்கு முதல் பிறந்தநாள் கேக் வெட்டி முடிந்தும் பல் முளைக்கவில்லை. இந்த வாரம்தான் ஈறு வீங்கி, தவழ்ந்த வழியெல்லாம் எச்சில் ஒழுகியது. கூடவே வயிறு போனது. உறக்கமும் போனது. அவளுடையது மட்டுமல்ல, தெருவினுடையதும். அவள் அழுதால் தெருமுனைக் கடையில் பால் திரிந்தது. கடைக்காரர் நேரில் வந்து, யார் என்று பார்த்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

பல்லுக்கும் வயிற்றுப்போக்குக்கும் சம்பந்தமில்லை என்றார் நர்சம்மா. உடம்பில் தண்ணீர் வற்றவிடாதீர்கள், கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள், குடிக்காமல் துவண்டால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, பல்தான் காரணம் என்றாள்.

காலையில் அவன் வந்து நின்றதும் அக்கா உப்பையும் மிளகாயையும் கைநிறைய அள்ளினாள். பிள்ளையை விட்டுவிட்டு அவனைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிற்றையும் கட்டினாள்.

“எக்கா, வயித்தால போறது பிள்ளைக்கா, எனக்கா?”

“வாய மூடிட்டு நில்லுல.”

பிறகு பிள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டு, உள்ளறைச் சுவரில் சாய்ந்தவள் சாய்ந்தபடியே உறங்கிப்போனாள். கையில் ஈரத்துணி.

கொடியில் இனி இடமில்லை. மதியத்துக்குள் அவன் பேண்ட்டும் அதில் ஏறிவிட்டது. இப்போது அத்தானின் லுங்கியில் இருக்கிறான்.

செல்போன் கோபுரங்களில் ஏறுவது அவன் வேலை. விழாமல் இருக்க இடுப்பில் கட்ட ஒரு பெல்ட் கொடுத்திருக்கிறார்கள். அதில் சோற்று வாளியைத் தொங்கவிடுவான். ஒருமுறை உச்சியிலேயே உண்டு, உச்சியிலேயே உறங்கி, கனவில் கீழே விழுந்து, விழித்ததும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தான். பருந்துகள் அவனுக்கு ஒதுங்கி வழிவிடும்.

அப்பேர்ப்பட்டவனுக்கு இப்போது உள்ளங்கை வியர்த்தது.

முதல் பல் கீழே முளைத்தால் கொழுக்கட்டை.

மேலே முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது.

அவன் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வான். இப்போது கேட்க யாரும் இல்லை.

கரண்டி எங்கே தட்டியது?

கொட்டாவி விட்டுக் காட்டினான். மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள். காகம் போலக் கரைந்தான். ஜன்னலில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, என்ன விஷயம் என்று கேட்டது. அவள் வாய் திறக்கவில்லை.

கரண்டியை நீட்டினான்.

தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மறுபடி நீட்டினான். தண்ணீர் கழுத்து வழியே வழிந்தது.

அப்போதுதான் பார்த்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்திருந்தது. அழுகிறாள், கண்ணீரைக் காணோம். தெருவையே ஆட்டிவைத்தவள் பூனைக்குட்டி போல முனகினாள்.

கரண்டியை மறுபடி நிரப்பினான்.

“குடி மக்ளே,” என்றான். “மேலயோ கீழயோ, எங்க வேணாலும் மொளைக்கட்டும். நீ குடி.”

அவள் யோசித்தாள்.

வாயைத் திறந்தாள்.

ஜன்னல் வெயில் நேராக உள்ளே போனது.

மேலே.

சிவந்த ஈற்றைக் கீறிக்கொண்டு ஒரு வெள்ளை முனை. நொய்யரிசி அளவுகூட இல்லை.

ஒரு கோபுரம் நிற்க வேண்டுமென்றால் பள்ளம் தோண்ட வேண்டும். லாரி லாரியாகச் சிமெண்ட் வேண்டும். என்ஜினியர் வந்து குடைபிடித்து நிற்க வேண்டும். இந்தப் பல் எதையும் கேட்கவில்லை. இருட்டில் கிடந்து, வழி தெரிந்து, சதையைத் திறந்துகொண்டு தானாக வந்து நிற்கிறது.

எத்தனையோ உச்சிகளிலிருந்து கடலைப் பார்த்தவன். கப்பல்கள் எறும்பாக ஊரும். அங்கெல்லாம் சுற்றாத தலை இங்கே, பாயில் உட்கார்ந்திருக்கையில், சுற்றியது.

ஒரு கரண்டி. விழுங்கினாள்.

இன்னொன்று.

ஒவ்வொரு முறையும் ‘ணங்’. கோயில் மணி கேட்பவன் போல அவன் உட்கார்ந்திருந்தான்.

கிண்ணம் காலியானது. குடித்தது எதுவும் திரும்பி வரவில்லை. அழுதபோது கன்னத்தில் கண்ணீர் உருண்டது. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அவன் விரலைப் பிடித்து வாய்க்குள் இழுத்தாள். கடித்தாள். நன்றாக வலித்தது. கடித்தபடியே உறங்கிப்போனாள்.

தெருமுனையிலிருந்து பால் பொங்கும் வாசனை வந்தது.

“என்னல, சத்தத்தையே காணும்?” உள்ளறையிலிருந்து அக்கா.

“உறங்கிட்டா. பூராத்தையும் குடிச்சிட்டா.” பிறகு சொன்னான். “பல்லு வந்திருக்குக்கா.”

உள்ளே ஒன்றும் அசையவில்லை.

“கீழதான்,” என்றான்.

“ஆமா,” என்றாள் அக்கா. “கீழதான்.”

எழுந்து வந்து பார்க்கவில்லை.

அவன் மணிக்கட்டைப் பார்த்தான். அவிழ்க்கவே முடியாதபடி முடிச்சுமேல் முடிச்சுப் போட்டிருந்தாள்.

மறுகையால் போனை எடுத்தான். கூட வேலை பார்க்கும் பேச்சிமுத்துவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“நாளைக்கு வரும்போது என் பெல்ட்ட மறந்துராத.”

“சோத்து வாளி தொங்கவிடவால?”

உறக்கத்தில் அவள் ஒருமுறை விரலைக் கடித்தாள்.

“இல்லல,” என்றான்.