பித்தளைப் பில்லை

வாளித் தண்ணீர் நடுங்கியது.

யாரும் வாளியைத் தொடவில்லை. காற்றும் இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தவள் கல்லில் கை வைத்துப் பார்த்தாள். கல்லும் நடுங்கியது.

பிறகு சுரங்கத்துச் சங்கு ஊதியது.

தொழிலாளர் லைன் வீடுகளில் யாருக்கும் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கீழே, தங்கம் வெட்டுகிற ஆழத்தில், பாறை வெடித்திருக்கிறது. பெண்கள் அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் பக்கம் ஓடினார்கள்.

பக்கத்து வீட்டுச் சலோமி கூந்தலை அள்ளிச் செருகியபடியே ஓடினாள். "வாடி, இன்னா நிக்குற" என்றாள்.

"இதோ வரேன்க்கா."

அவள் போகவில்லை.

போக வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. அவள் புருஷன் ஏழுமலை வீட்டுக்குள் போர்த்திக்கொண்டு கிடந்தான். காலையில் இறங்கியவன்தான். உச்சிப்பொழுதுக்கு முன்பே பின்சந்து வழியாக வந்து விழுந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. மேஸ்திரியிடம்கூடச் சொல்லாமல், மண் ஏற்றுகிற கூண்டில் ஒண்டிக்கொண்டு மேலே வந்துவிட்டானாம்.

"யாருகிட்டயும் சொல்லாத. வேலை போயிடும்." முனகிவிட்டுத் தூங்கிப்போனான்.

உள்ளே போய் அவன் கழுத்தைத் தொட்டாள். சுட்டது. அந்தச் சூடு அவளுக்கு இதமாக இருந்தது. காய்ச்சலுக்குக் கும்பிடு போட்டவள் அந்த லைனிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஊரே வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடும்போது தனக்கு மட்டும் சிரிப்பு வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

கஞ்சி வைத்தாள். அவன் கண் திறக்கவில்லை. மூடி வைத்தாள். கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகும். மறுபடியும் கல்லுக்கு வந்து அவன் சட்டையை ஓங்கி அடித்தாள்.

ணங்கென்றது.

பையில் கை விட்டாள். பித்தளைப் பில்லை. அவன் எண் பொறித்தது.

இது இங்கே இருக்கக் கூடாது.

இறங்குகிறவன் ஷாஃப்ட் வாசல் பலகையிலிருந்து தன் பில்லையை எடுத்துக்கொண்டு இறங்குவான். ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான். சுரங்கத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கேட்க மாட்டார்கள். தேட இறங்குவார்கள். கிடைக்கும்வரை ஏற மாட்டார்கள்.

தேட இறங்குகிறவர்களில் எப்போதும் முதல் ஆள் சலோமியின் புருஷன் ஞானமுத்து.

ஓடினாள்.

பில்லையைப் பிடித்த கையில் சோப்பு நுரையோடு ஓடினாள். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டைச் சுற்றிப் போக நேரமில்லை. மேட்டின் மேலேயே ஏறினாள். முழங்கால்வரை புதைந்தது.

அவன் ஆணி ஒன்று மட்டுமே காலியாக இருக்கக் கூடாது. இன்னும் நாலைந்து ஆணியாவது காலியாக இருக்கட்டும், தாயே.

வேண்டி முடித்த பிறகுதான் என்ன வேண்டினோம் என்பது உறைத்தது.

ஷாஃப்ட் வாசலில் கூட்டம். அழுகைச் சத்தம் இல்லை. ஏறி வந்த ஆண்கள் தலையெல்லாம் தூசியோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அவரவர் ஆளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளைக் கண்டதும் கூட்டம் விலகி வழி விட்டது.

ஏன் விலகுகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

பலகை நிறையப் பில்லைகள். ஏழுமலையின் ஆணி காலி. தேடப் போகிறவர்களின் வரிசையில் ஞானமுத்துவின் ஆணியும் அவன் கூட்டாளியின் ஆணியும் காலி.

வேறு எதுவும் காலியாக இல்லை.

சலோமி வந்து அவளைத் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"அழாதடி. அவரு எறங்கியிருக்காரு. ஏழுமலை இல்லாம ஏற மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

அவள் அழவில்லை. கையை இறுக மூடிக்கொண்டு நின்றாள். பில்லையின் விளிம்பு உள்ளங்கையை அறுத்தது. சொன்னால் வேலை போய்விடுமே என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், தோளில் இருக்கிற இந்தக் கை போய்விடும் என்பது.

இன்னும் கொஞ்ச நேரம், என்று நினைத்தாள். கொஞ்சமே கொஞ்ச நேரம்.

பிறகு கையை விரித்தாள்.

சலோமி பில்லையை எடுத்து நுரையைத் துடைத்தாள். எண்ணைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள்.

"எங்கடி இருக்காரு?"

"வீட்ல. தூங்குறாரு."

பலகைக்குப் பக்கத்தில் நின்ற குமாஸ்தா பாய்ந்துபோய் மணிக்கயிற்றை இழுத்தார். ஏறி வரச் சொல்லிக் கீழே மணி அடிக்கும். கேட்டவர்கள் திருப்பி அடிக்க வேண்டும். அவர் மறுபடியும் இழுத்தார்.

காலடியில் மண் நடுங்கியது.

முதலில் நடுங்கியதைவிடப் பலமாக. சங்கு திரும்பவும் ஊதியது. சங்கு ஓயும்வரை எல்லோரும் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓய்ந்த பிறகும் நின்றார்கள்.

பதில் மணி வரவில்லை.

குமாஸ்தா கயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒருவன் தள்ளாடி வந்தான். சட்டை இல்லை. போர்வையைத் தோளில் போட்டிருந்தான். சங்குச் சத்தம் ஏழுமலையை எழுப்பியிருந்தது.

"யாரு உள்ள?"

"ஞானமுத்து" என்றார் குமாஸ்தா.

ஏழுமலை போர்வையை அவிழ்த்துக் கீழே போட்டான். வேறொன்றும் கேட்கவில்லை. இறங்குகிறவன் முதலில் செய்கிறதைச் செய்தான். பலகையில் தன் ஆணியை நோக்கிக் கையை நீட்டினான். விரல்கள் வெறும் ஆணியைத் தடவின.

"என் பில்லை எங்க?"

சலோமி உள்ளங்கையை விரித்து அவனிடம் நீட்டினாள்.