பஞ்சுவின் மூன்றாவது கட்டி

"இது மூணாவது தடவை டாக்டர். அதே தாடை, அதே இடம், அதே கட்டி. எங்கே தப்பு பண்றேன்னே புரியல" என்றாள் அவள், மடியிலிருந்த துண்டைப் பிரித்தபடி.

உள்ளே பஞ்சு உட்கார்ந்திருந்தது. வெள்ளையும் பழுப்புமாய் ஒரு கினிப் பன்றி.

கால்நடை மருத்துவர் அதன் தாடைக்கடியில் விரலை வைத்து மெதுவாய் உருட்டிப் பார்த்தார்.

"பட்டாணி அளவுதான். நல்லவேளை, சீக்கிரமே பார்த்துட்டீங்க."

"நீங்க சொன்ன மாதிரி வாராவாரம் தடவிப் பார்க்கறேனே!"

"தடவினது போதும். வாங்கின கடையிலயே திருப்பிக் கொடுத்துடலாம்" என்றான் கணவன், சுவரைப் பார்த்தபடி. தன் பூங்கொத்துக் கடையிலிருந்து நேரே வந்திருந்தான். பச்சை ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. "மறுபடி கட்டி வந்தா கொடுத்துடணும்னு பேச்சு."

"காரணம் தெரிஞ்சா வெச்சுக்கலாம்னும் பேச்சு" என்றாள் அவள். "நாள் முழுக்க வீட்டுல எனக்கு இது ஒண்ணுதான் துணை. இவருக்கு முதல்லேருந்தே இதைப் பிடிக்காது டாக்டர்."

"அதுக்குத்தான் என்னைப் பிடிக்காது. வாசல்ல நான் செருப்பைக் கழட்டினாப் போதும், திருடன் வந்த மாதிரி விசிலடிச்சு ஊரையே கூட்டுது!"

"அப்படியா? உங்களைப் பார்த்தா மட்டுமா?" என்று டாக்டர் ஆர்வமாய்க் கேட்டார்.

"என்னைப் பார்த்தா மட்டும்தான். அப்படி என்ன பகையோ!"

டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டார். "சார், தலையைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?"

"ஆளை விடுங்க. என்னால பார்க்கவே முடியாது." அவன் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டான். மனைவிதான் பிடித்துக்கொண்டாள்.

மரத்துப்போகும் வரை டாக்டரால் சும்மா இருக்க முடியவில்லை. "எல்லாக் கட்டியும் ஒண்ணு இல்லம்மா. சிலது வெறும் கொழுப்பு. சிலதை ஊசியில கொஞ்சம் எடுத்துச் சோதிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். ஆனா தாடைக்கடியில வர்றது பெரும்பாலும் வாயிலேருந்து வர்ற வினை. முரடா எதையாவது மெல்லும்போது உள்ளே குத்திடும். அந்தச் சின்னப் புண் வழியாக் கிருமி புகுந்து சீழ் கட்டும். வீட்டுல பிதுக்கக் கூடாது. இப்படித் திறந்து, கழுவி, மருந்து கொடுக்கணும்."

"முரடா ஒண்ணுமே கொடுக்கறதில்லையே! புல்லைக்கூடத் தண்டு பொறுக்கிட்டுத்தான் போடறேன்."

டாக்டர் கட்டியைக் கீறினார். போன இரண்டு தடவையும் சீழ் மட்டும்தான் வந்தது. இந்தத் தடவை இடுக்கியில் ஏதோ சிக்கியது. வெளியே இழுத்து, கழுவி, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தார். முடி மாதிரி ஒரு பொன்னிற இழை.

"இதோ அகப்பட்டான் ஆசாமி! இங்கே பாருங்க, ரம்பம் மாதிரி பல்லு. எல்லாப் பல்லும் ஒரே பக்கமாச் சாஞ்சிருக்கு. அதனால உள்ளே போகும், திரும்பி வராது. பார்லிக் கதிரோட மீசை இது."

"பார்லிக் கதிரா? எங்க வீட்டுப் பக்கமே அது கிடையாதே!"

டாக்டர் சுவரோரம் நடந்துபோய், கணவனின் ஏப்ரன் பையில் ஒட்டியிருந்த இன்னொரு பொன்னிற இழையை இடுக்கியால் எடுத்தார்.

"சார், கினிப் பன்றி பகையாளியைப் பார்த்தா ஓடி ஒளியும். தீனி கொண்டு வர்ற ஆளைப் பார்த்தாத்தான் இப்படி விசிலடிக்கும்."

மனைவி கணவனைப் பார்த்தாள். அவன் மெல்லத் திரும்பினான். கண்கள் சிவந்திருந்தன.

"பூங்கொத்துல அழகுக்குச் செருகி மிஞ்சின கதிர்தாங்க... தினம் ஒண்ணே ஒண்ணு. அப்படி ஆசையாக் கூப்பிடறப்போ வெறுங்கையோட எப்படிப் போறது? கடைசியில என் கையாலேயே... அது வலியில துடிக்கறதைப் பார்க்க முடியாமத்தான் கொடுத்துடலாம்னேன்."

"யாரும் யாரையும் கொடுக்க வேண்டாம்" என்றார் டாக்டர். "நாளையிலேருந்து கதிருக்குப் பதிலா ஒரு துண்டு குடைமிளகாய் கொண்டு போங்க. கட்டி வராது, விசில் கட்டாயம் வரும்."