கைக்குட்டையில் ஒரு கரிமீன்

"ஷைனி, சொல்றேன்னு கோவிச்சுக்காதே. உன் மக எங்க வீட்டுல மீன் எடுத்து ஒளிச்சுட்டா!"

வாசலில் பக்கத்து வீட்டு ஆலீஸ் சேச்சி. பேரனின் பிறந்தநாள் விருந்துக்கு வந்திருந்த ஒன்பது வயது எவ்லினைக் கையோடு பிடித்து வந்திருந்தாள். கவுன் பையில் எண்ணெய்க் கறை.

ஷைனி அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து, வழக்கம்போல் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவியிருந்தாள்.

எவ்லினுக்கு இருப்பது அந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லாத நோய். மீன், முட்டை, பால், பருப்பு எதுவும் ஆகாது. மீறினால் மூளையைத் தாக்கும். டாக்டர் அதைச் சொன்ன அன்றே ஷைனி மீன் சட்டியைத் தூக்கி எறிந்துவிட்டாள். "பிள்ளைக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம்." விருந்து வீடுகளுக்கும் போவதில்லை. ஆலப்புழையில் மீன் தின்னாத அம்மா! பாதிரியார் பிரசங்கத்திலேயே அவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

"எவ்வளவுடி தின்னே? சொல்லு!"

எவ்லின் கவுன் பையைப் பொத்திக்கொண்டாள். பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"ஐயோ, அடிக்காதேடி! ஒரு மீனுக்குப் போய்..."

"உங்களுக்கு அது ஒரு மீன், சேச்சி. ஒன்பது வருஷமா நான் வாயைக் கட்டி வளர்த்தது இதுக்குத்தானா?"

ஏன்தான் சொன்னோமோ என்று சேச்சி முணுமுணுத்தபடி போய்விட்டாள்.

எவ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். வறுத்த கரிமீன். முழுசாக இருந்தது, ஒரு கடிகூட இல்லை.

"உனக்குத்தாம்மா எடுத்தேன்."

"எனக்கா?"

"என்னாலதான் நீ மீன் சாப்பிடறதில்லன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மீன் ருசியே தெரியாது, அதனால கஷ்டம் இல்ல. உனக்குத் தெரியுமே! உன்னைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கும்மா. நான் பொறக்காம இருந்திருந்தா நீ தினமும் சாப்பிட்டிருப்பே."

ஷைனி மகளின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். அந்தக் கன்னத்தில் விரல் தடம் இன்னும் சிவந்திருந்தது.

"சாப்பிடும்மா. நான் பார்க்க மாட்டேன்." எவ்லின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஷைனி ஒரு விள்ளல் வாயில் போட்டாள்.

"நல்லா இருக்கா? ஒன்பது வருஷம் ஆச்சேம்மா!"

ஒன்பது வருஷமா? மத்தியானம் ஆபீஸ் ரிக்கார்டு ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, கூட வேலை பார்க்கும் சுமாவின் டப்பாவிலிருந்து மத்தி மீன் வறுவல் தின்று ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை. நேற்றும் தின்றாள், முந்தாநாளும் தின்றாள். அதைச் சொல்லிவிட்டால் போதும், பிள்ளையின் மனதிலிருக்கும் பாரம் இந்த நிமிஷமே இறங்கிவிடும்.

"ரொம்ப நல்லா இருக்குடி, மோளே. ருசியே மறந்து போச்சு" என்றாள் ஷைனி.