உறைந்துபோகும் மருந்து

"பிரிட்ஜு மோட்டார் நிக்கவே மாட்டேங்குது தம்பி. என் வீட்டுக்காரி சர்க்கரை வியாதிக்குப் போடுற இன்சுலின் கட்டியா உறைஞ்சுபோகுது. உறைஞ்சா வீணுங்கிறாரு டாக்டர்" என்றார் உடையப்பன். புதுக்கோட்டையில் ஒரு கோயில் வாசலையும் மிதிக்காத கறுப்புச் சட்டைக்காரர் அவர்.

திருச்சியிலிருந்து வந்திருந்த மெக்கானிக் ரெங்கராஜ் பிரிட்ஜுக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"குளிர் போதும்னு மோட்டாருக்குச் சொல்றது இந்தச் சின்னக் குழாய்தாங்க. இது முனையில யாரோ மஞ்சத்துணியைச் சுத்தி வச்சிருக்காங்க. அதான் குளிரே தெரியாம ஓடிக்கிட்டே இருக்கு."

துணிக்குள் காசு தட்டுப்பட்டது. ரெங்கராஜ் சிரித்துக்கொண்டே உடையப்பனின் மனைவி அழகம்மாளைப் பார்த்தார்.

"ஏம்மா, நார்த்தாமலை மாரியம்மனுக்கு நேந்து முடிஞ்ச காசா? இதைக் கட்ட வேற எடமே கெடைக்கலையா?"

"நான் கட்டலைங்க. சாமி பேரைச் சொன்னாலே இவுக சத்தம் போடுவாக. நான் எங்கிட்டு நேந்துக்கிறது?"

சொல்லிவிட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். உடையப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெங்கராஜ் முடிச்சில் நகத்தை வைத்தார்.

"அவுத்துறாதீங்க தம்பி" என்றார் உடையப்பன், திரும்பாமலே. "அவளுக்கு இன்னும் கொணமாகல."